ரிக் காத்திருக்கக் கூடாது: கடல் எண்ணெய் வயல்களுக்குச் சரக்கு கொண்டுபோகும் கப்பல்களின் கதை

எண்ணெய் நிறுவனம் ஒன்று நான்கு பி.எஸ்.வி. கப்பல்களை வாடகைக்கு எடுத்தது, ஏ.எச்.டி.எஸ். நாள் வாடகை எகிறியது, சப்ளை கப்பல் கம்பெனி திவால் மனு போட்டது. வணிகப் பக்கங்களில் இப்படிப்பட்ட செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. இடையிடையே எண்ணெய் மேடை (கடலில் நின்று எண்ணெய் எடுக்கும் கட்டுமானம்) மீது கப்பல் மோதியது என்ற விபத்துச் செய்தியும் வரும். இந்தக் கப்பல்கள் என்னதான் செய்கின்றன, எண்ணெய் விலை விழுந்தால் முதல் அடி ஏன் இவற்றின் மீது விழுகிறது, இவை ஏன் மேடைக்கு அவ்வளவு அருகில் போக வேண்டும்? இதையெல்லாம் அந்தச் செய்திகள் விளக்குவதில்லை. அடியிலிருந்து பார்த்துவிடலாம்.

## முதலில் ஒரு கணக்கு

கடலில் கிணறு தோண்டும் பெரிய ரிக் ஒன்றின் நாள் வாடகை, ஆழ்கடல் வகையாக இருந்தால், லட்சக்கணக்கான டாலர். 2013, 2014 வாக்கில் உச்சத்தில் இருந்தபோது சில துரப்பணக் கப்பல்கள் நாளுக்கு 6 லட்சம் டாலருக்கு மேல் வாங்கின. அதே ரிக்குக்குக் குழாயும் சிமென்டும் கொண்டுவந்து இறக்கும் சப்ளை கப்பலின் வாடகை சில பத்தாயிரம் டாலர்தான்.

இந்த ஏற்றத்தாழ்வுதான் இந்தத் தொழிலின் அச்சாணி. அடுத்த கட்டத்துக்கு வேண்டிய, கிணற்றுச் சுவரைத் தாங்கும் கேசிங் குழாய் வரவில்லை என்று ரிக் அரை நாள் சும்மா நின்றால், அந்த நஷ்டம் சப்ளை கப்பலின் ஒரு வார வாடகையை விழுங்கிவிடும். ஆகவே எண்ணெய் நிறுவனம் எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும்: கப்பல் காத்திருக்கட்டும், ரிக் காத்திருக்க வேண்டாம். தேவைக்கு ஒரு கப்பல் கூடுதலாகவே வாடகைக்கு எடுத்து வைப்பார்கள். அலை கொஞ்சம் அதிகமாக இருந்தாலும் "முடியுமா, முயன்று பாருங்கள்" என்பார்கள். கப்பலின் வடிவம், அதன் எஞ்சின்கள், ஒப்பந்த விதிகள், நடந்த விபத்துகளில் பல, எல்லாவற்றிலும் இந்தக் கணக்கின் ரேகை தெரியும்.

## எத்தனை வகை

பொதுவாக "ஓ.எஸ்.வி." (ஆஃப்ஷோர் சப்போர்ட் வெசல்) என்று ஒரே பெயரில் அடைத்தாலும் உள்ளே பல சாதி உண்டு. செய்திகளில் அடிக்கடி வருபவை இவை.

1. பி.எஸ்.வி. என்கிற பிளாட்ஃபார்ம் சப்ளை வெசல். சரக்குக் கப்பல். பெரும்பாலும் 60 முதல் 95 மீட்டர் நீளம். முன்பக்கம் உயர்ந்த மாளிகை போன்ற கட்டுமானம், அதற்குப் பின்னால் கப்பலின் நீளத்தில் பெரும்பகுதிக்குத் திறந்த தட்டையான தளம்.
2. ஏ.எச்.டி.எஸ். என்கிற ஆங்கர் ஹேண்ட்லிங் டக் சப்ளை. நங்கூரம் கையாளுவது, ரிக்கை இழுத்துப் போவது, கொஞ்சம் சரக்கும் ஏற்றுவது. இதன் பலத்தை இழுவிசை டன்னில் சொல்வார்கள். சிறியவை 60 டன், பெரியவை 300 டன்னுக்கு மேல்.
3. காவல் கப்பல். மேடையைச் சுற்றியே நின்று, யாராவது கடலில் விழுந்தாலோ தீப்பிடித்தாலோ மீட்பது.
4. ஆட்களை ஏற்றும் வேகப் படகுகள், முக்குளிப்பு ஆதரவுக் கப்பல்கள், கிணற்றுக்குள் அமிலம் செலுத்தும் கப்பல்கள் போன்ற சிறப்பு வகைகள்.

முன்பக்கம் வீடு, பின்பக்கம் வெட்டவெளி என்ற இந்த வடிவம் 1950-களின் நடுவில் மெக்சிகோ வளைகுடாவில் பிறந்தது. அதுவரை மீன்பிடிப் படகுகளையும் போரில் மிஞ்சிய கப்பல்களையும் வைத்துத்தான் சமாளித்தார்கள். டைட்வாட்டர் நிறுவனத்தின் 'எப் டைட்' என்ற கப்பல்தான் இந்த வேலைக்கென்றே வடிவமைக்கப்பட்ட முதல் கப்பல் என்று பொதுவாகச் சொல்வார்கள். நீளக் குழாய்களைத் தடையில்லாமல் அடுக்க வேண்டும், மேடையின் கிரேன் மேலிருந்து நேராகக் கொக்கியை இறக்க வேண்டும். இவை இரண்டுக்கும் வசதியாக மாலுமி அறையை முன்னால் தள்ளினார்கள். அந்த அமைப்பு இன்றைக்கும் மாறவில்லை. ஒன்று மட்டும் சேர்ந்துகொண்டது: மாலுமி அறையில் பின்பக்கம் பார்த்தபடி இரண்டாவதாக ஒரு கட்டுப்பாட்டு இருக்கை. மேடைக்கு அருகில் வந்ததும் கேப்டன் முன்னால் பார்ப்பதை விட்டுவிட்டு, பின்பக்கக் கண்ணாடி வழியாகத் தளத்தையும் கிரேனையும் பார்த்தபடி கப்பலை ஓட்டுவார்.

## கப்பலின் வயிற்றில் என்ன இருக்கிறது

படங்களில் தெரிவது மேல்தளச் சரக்கு மட்டும்: கேசிங் குழாய்கள், துரப்பணக் குழாய்கள், உணவும் உதிரிபாகங்களும் அடைத்த கன்டெய்னர்கள். பாதிக் கதை தளத்துக்குக் கீழே இருக்கிறது. டீசல், குடிநீர், உப்புக்கரைசல், துளைச்சேறு, அதைக் கலக்க உதவும் அடிப்படை எண்ணெய், சில கப்பல்களில் மெத்தனால் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொட்டி. சிமென்ட், பேரைட், பென்டோனைட் ஆகிய பொடிகள் உருளை வடிவ அழுத்தத் தொட்டிகளில் இருக்கும். அவற்றை யாரும் மூட்டை கட்டித் தூக்குவதில்லை. அழுத்தக் காற்றைச் செலுத்திப் பொடியைத் திரவம் போல ஓடவைத்து, தடித்த ரப்பர் ஹோஸ் வழியாக மேடைக்கு ஏற்றுகிறார்கள்.

இவற்றில் துளைச்சேற்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சேறு என்றதும் கழிவு என்று தோன்றும்; உண்மையில் அது விலை உயர்ந்த, எடை கணக்குப் பார்த்துக் கலக்கிய திரவம். துரப்பண முனையைக் குளிரவைப்பது, வெட்டுப்பட்ட பாறைத் துகள்களை மேலே கொண்டுவருவது, எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் எடையால் கிணற்றின் உள்ளழுத்தத்தை அடக்கிவைப்பது, இவ்வளவும் அதன் வேலை. எடை கூட்டுவதற்குத்தான் பேரைட். தண்ணீரைவிட நான்கு மடங்குக்கும் மேல் அடர்த்தி உள்ள கனிமம். சில பாறை அடுக்குகள் சேற்றை உறிஞ்சிக் குடித்துவிடும். அப்போது ரிக்கில் இருக்கும் இருப்பு வேகமாகக் கரையும். பக்கத்தில் முழுத் தொட்டியோடு ஒரு சப்ளை கப்பல் நிற்கிறதா இல்லையா என்பது அந்த நேரத்தில் கிணற்றின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட கேள்வி.

மறுபக்கமும் உண்டு. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் ரிக் வெடித்தபோது, 'டேமன் பி. பாங்க்ஸ்டன்' என்ற சப்ளை கப்பல் ஹோஸ் இணைத்தபடி அதன் பக்கத்திலேயே நின்றிருந்தது. கிணற்று வேலை முடியும் தறுவாயில் இருந்ததால் அன்று பிற்பகல் ரிக்கிலிருந்து சேற்றை இந்தக் கப்பலுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். கிணற்றுக்குள் எவ்வளவு சேறு போகிறது, எவ்வளவு திரும்புகிறது என்ற வித்தியாசம்தான் ஆபத்தின் முதல் அறிகுறி. சேறு நேராக வேறொரு கப்பலுக்குப் போய்க்கொண்டிருந்தால் அந்தக் கணக்கைப் பிடிப்பது கடினமாகிவிடும். பின்னால் நடந்த விசாரணைகள் இதைச் சுட்டிக்காட்டின. இரவில் கிணறு பொங்கியபோது கப்பலின் தளத்தில் சேறு மழையாகக் கொட்டியது. அதற்குப் பிறகுதான் வெடிப்பு. ரிக்கில் இருந்த 126 பேரில் 11 பேர் இறந்தார்கள். உயிர் தப்பிய 115 பேரும் ஏறிக்கொண்டது அதே பாங்க்ஸ்டன் கப்பலில்தான்.

திரும்பிவரும் பயணமும் காலியாக இருக்காது. காலிக் கன்டெய்னர்கள், பழுதான கருவிகள், குப்பை, எண்ணெய் ஒட்டிய பாறைத் துகள்கள் எல்லாம் கரைக்குத்தான் வர வேண்டும். எதை எதன் மேல் வைப்பது, அடுத்த மேடையில் முதலில் இறக்க வேண்டியது எது என்று திட்டமிடுவது தனி வித்தை. ஒரே பயணத்தில் நான்கைந்து மேடைகளைத் தொட வேண்டியிருந்தால், தவறாக அடுக்கிய ஒரே ஒரு கன்டெய்னர் மொத்த வரிசையையும் குலைத்துவிடும்.

வெளியே தெரியாத ஒரு அபாயம் குழாய்களில் இருக்கிறது. பின்தளம் கடல் மட்டத்திலிருந்து அதிக உயரமில்லை; கடல் கொந்தளித்தால் அலை தளத்தின் மீது ஏறி இறங்கும். இரு முனையும் திறந்த குழாய்களை அடுக்கி வைத்திருந்தால் அவற்றுக்குள் தண்ணீர் புகுந்து தங்கிவிடும். கப்பலின் மேல்பகுதியில், ஏற்றுப் பட்டியலில் இல்லாத பல டன் எடை திடீரென்று சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் இந்தக் கப்பல்களுக்கான சர்வதேச நிலைப்புத்தன்மை (கவிழாமல் நிற்கும் திறன்) விதிகள், தளத்தில் குழாய் ஏற்றினால் அதற்குள் தேங்கக்கூடிய நீரையும் கணக்கில் சேர்க்கச் சொல்கின்றன. தளம் தாழ்வாக இருக்கும் கப்பலுக்கு இது குழாய் அடுக்கின் கொள்ளளவில் 30 சதவீதம் வரை போகும். குழாய் முனைகளுக்கு மூடி போடுவது சில்லறை வேலை போலத் தெரிந்தாலும் காரணம் இதுதான்.

## நங்கூரம் போடாமல் நிற்பது

மேடைக்குப் பக்கத்தில் கடலடி முழுக்க எண்ணெய்க் குழாய்களும் கேபிள்களும் கிடக்கும். அங்கே நங்கூரம் போட முடியாது. ஆழ்கடலில் போட்டாலும் எட்டாது. மேடையோடு கயிறு போட்டுக் கட்டிக்கொள்ளும் பழைய முறையில், அலை வந்தால் கயிறு அறும் அல்லது கப்பல் மேடையில் இடிக்கும். இதற்கு விடையாக வந்ததுதான் டைனமிக் பொசிஷனிங், சுருக்கமாக டி.பி.

செயற்கைக்கோள் இருப்பிடம், மேடையில் பொருத்திய பிரதிபலிப்பானை நோக்கிய லேசர் அல்லது ரேடார், கைரோ திசைகாட்டி, காற்றுமானி என்று பல மூலங்களிலிருந்து கணினி தகவல் வாங்குகிறது. காற்றும் நீரோட்டமும் எவ்வளவு தள்ளுகின்றன என்று கணித்து, பின்பக்க புரொப்பெல்லர்களுக்கும் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் த்ரஸ்டர்களுக்கும் ஒவ்வொரு நொடியும் கட்டளை அனுப்புகிறது. கப்பல் ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரியும். அடியில் எஞ்சின்கள் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும். இந்த நுட்பம் 1961-இல் துரப்பணக் கப்பல்களில் தொடங்கியது. சப்ளை கப்பல்களுக்குப் பரவியது அதற்கு வெகு காலம் பின்னர்.

ஒப்பந்தச் செய்திகளில் டி.பி.1, டி.பி.2 என்று வருவது எதையெல்லாம் தாங்கும் என்பதன் அளவு. டி.பி.1-இல் ஒரே ஒரு கோளாறு வந்தாலும் கப்பல் இடம் நழுவலாம். டி.பி.2-இல் ஜெனரேட்டர், த்ரஸ்டர், கணினி போன்ற இயங்கும் பாகங்களில் எது ஒன்று பழுதானாலும் கப்பல் இடத்தில் நிற்க வேண்டும். ஓர் அறை முழுவதும் தீயிலோ வெள்ளத்திலோ போனாலும் நிற்க வேண்டும் என்பது டி.பி.3. மேடைக்குச் சரக்கு கொண்டுபோகும் நவீன பி.எஸ்.வி.க்களில் பெரும்பாலானவை டி.பி.2. எண்ணெய் நிறுவனங்கள் டெண்டரிலேயே இதைக் கேட்டுவிடுவதால் பழைய டி.பி.1 கப்பல்களுக்கு வேலை கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது.

## 500 மீட்டர் கோட்டுக்குள்

ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 60-ஆம் பிரிவு, கடலில் உள்ள மேடைகளைச் சுற்றி 500 மீட்டர் வரை பாதுகாப்பு மண்டலம் அமைக்க அந்தந்த நாட்டுக்கு உரிமை தருகிறது. மற்ற கப்பல்கள் உள்ளே வரக்கூடாது. சப்ளை கப்பல் மட்டும் வந்தே ஆக வேண்டும். வருவதற்கு முன் சில படிகள் உண்டு.

1. கோட்டுக்கு வெளியே நின்று எஞ்சின், ஸ்டீயரிங், த்ரஸ்டர், டி.பி. எல்லாவற்றையும் சோதித்து, சரிபார்ப்புப் பட்டியலில் குறிக்க வேண்டும். ஆட்டோ பைலட் அணைக்கப்பட்டிருக்கிறதா என்பது அந்தப் பட்டியலில் ஒரு வரி.
2. மேடையின் கட்டுப்பாட்டு அறையிடம் அனுமதி வாங்க வேண்டும்.
3. வேகத்தைக் குறைத்து வர வேண்டும். நேராக மேடையைக் குறிவைத்து வரக்கூடாது. பிரேக் பிடிக்காவிட்டாலும் பக்கத்தில் கடந்து போகும்படியான கோணம் வேண்டும்.
4. நெருங்குவதற்கு முன் கொஞ்ச நேரம் டி.பி.யில் நின்று, காற்றையும் நீரோட்டத்தையும் கணினி பிடித்துக்கொள்ள விட வேண்டும்.
5. முடிந்தவரை, மின்சாரம் போனால் காற்று கப்பலை மேடையிலிருந்து தள்ளிக்கொண்டு போகும் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இவற்றில் ஐந்தாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நான்கு படியையும் ஒழுங்காகச் செய்த கப்பல், தவறான பக்கத்தில் நின்றால் அதிர்ஷ்டத்தை நம்பித்தான் நிற்கிறது. எல்லாப் பாகங்களும் செத்துப்போனாலும் காற்றே காப்பாற்றும் என்ற ஏற்பாட்டுக்கு எந்தக் கணினியும் ஈடாகாது.

2005 ஜூலை 27 அன்று மும்பை ஹை நார்த் மேடையில் நடந்தது இந்த இடத்தில்தான் வருகிறது. பருவமழை உச்சம், முந்தைய நாள்தான் மும்பை வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. ஓ.என்.ஜி.சி.யின் 'சமுத்ரா சுரக்ஷா' என்ற பல்பணிக் கப்பலில் சமையல்காரர் ஒருவருக்கு விரல் நுனி வெட்டுப்பட்டது. ஹெலிகாப்டர் பறக்க முடியாத வானிலை. மேடையில் மருத்துவ வசதி இருந்ததால், கூடையில் உட்காரவைத்துக் கிரேன் மூலம் ஏற்ற முடிவு செய்தார்கள். காற்று மறைவான பக்கத்துக் கிரேன் வேலை செய்யாததால், கப்பல் காற்று மேடையை நோக்கித் தள்ளும் பக்கத்துக்கு வந்தது. த்ரஸ்டரிலும் கோளாறு. அலை தூக்கியதில் கப்பலின் பின்பகுதி, மேடையின் வெளிப்பக்கத்தில் ஏறிச் சென்ற எரிவாயுக் குழாயில் இடித்தது. கசிந்த வாயு பற்றிக்கொண்டது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் மேடையே இல்லாமல் போனது. 22 பேர் பலி. 360-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள்.

விரல் காயத்தில் தொடங்கி ஒரு மேடை அழிந்த இந்த நிகழ்வை "மனிதத் தவறு" என்று ஒரே சொல்லில் மூடிவிட முடியாது. கப்பல் வந்து நிற்கும் பக்கத்தில், கவசமில்லாமல், உயர் அழுத்த வாயுக் குழாயை வெளியே வைத்த வடிவமைப்பும் அதில் பங்குதாரர். வரும் கப்பல் எப்போதாவது இடிக்கும் என்று வைத்துக்கொண்டுதான் மேடையைக் கட்ட வேண்டும்.

பட்டியலின் முதல் படிக்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 2009 ஜூன் 8 அன்று நார்வேயின் எகோஃபிஸ்க் வயலுக்கு வந்த 'பிக் ஆரஞ்ச் 18' என்ற கப்பலில் ஆட்டோ பைலட்டை அணைக்க மறந்துவிட்டார்கள். மேடை நெருங்கும்போது கையால் திருப்பினால் கப்பல் திரும்பவில்லை. பழைய திசையிலேயே போக ஆட்டோ பைலட் அடம்பிடித்தது. இரண்டு மேடைகளை இணைக்கும் பாலத்துக்கு அடியில் புகுந்து, பக்கத்தில் நின்ற ரிக்கைத் தவிர்த்து, கடைசியில் ஆளில்லாத நீர் செலுத்தும் மேடை ஒன்றில் மோதி நின்றது. யாருக்கும் காயமில்லை. ஆள் இருக்கும் மேடையாக இருந்திருந்தால் கதை வேறு.

## நங்கூரம் இழுப்பவர்கள்

மிதக்கும் ரிக்குகளில் பல, எட்டு அல்லது அதற்கு மேற்பட்ட நங்கூரங்களைச் சுற்றிலும் விரித்துப் போட்டு நிற்கும். அந்த நங்கூரங்களைக் கிலோமீட்டர் கணக்கில் வெளியே கொண்டுபோய்க் கடலடியில் வைப்பதும், வேலை முடிந்ததும் பிடுங்கி எடுப்பதும் ஏ.எச்.டி.எஸ்.-இன் பொறுப்பு. இந்தத் தொழிலிலேயே கப்பலின் பலத்தை எல்லை வரை சோதிக்கும் வேலை இது. கப்பலின் பின்விளிம்பில் சுழலும் ஓர் உருளை இருக்கும். சங்கிலி அதன் மேல் ஏறிவந்து வின்ச்சில் சுற்றும். சங்கிலி பக்கவாட்டில் ஓடாமல் இருக்கத் தளத்திலிருந்து எழும்பும் இரும்புத் தூண்கள் உண்டு. இழு பின் என்பார்கள்.

நூற்றுக்கணக்கான மீட்டர் சங்கிலி தொங்கும்போது, அதன் எடை கப்பலின் பின்விளிம்பை மட்டும் அழுத்தும்வரை பிரச்சினை இல்லை. கப்பல் பாதையிலிருந்து விலகி, சங்கிலி பக்கவாட்டில் இழுக்கத் தொடங்கினால் அதே எடை கப்பலைக் கவிழ்க்கும் நெம்புகோல் ஆகிவிடும்.

2007 ஏப்ரல் 12 அன்று ஷெட்லாந்து தீவுகளுக்கு மேற்கே 'போர்பன் டால்ஃபின்' என்ற கப்பலுக்கு நடந்தது இதுதான். கடலின் ஆழம் ஏறக்குறைய 1,100 மீட்டர். ரிக்கின் கடைசி நங்கூரத்தைக் கொண்டுபோகும்போது காற்றும் நீரோட்டமும் கப்பலைப் பாதையிலிருந்து வெகுதூரம் ஒதுக்கிவிட்டன. நிலைமையைச் சமாளிக்க இழு பின் ஒன்றைக் கீழே இறக்கினார்கள். சங்கிலி சட்டென்று நகர்ந்து கப்பலின் ஓரத்துக்குப் போனது. கப்பல் சாய்ந்தது, மீளவில்லை. 15 பேரில் 8 பேர் இறந்தார்கள். கட்டி முடித்து ஓர் ஆண்டுகூட ஆகாத கப்பல் அது.

நார்வே அரசு அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கையில் தனி ஒரு குற்றவாளி இல்லை. அந்தக் கப்பலுக்குப் புதியவரான கேப்டனுக்குப் பொறுப்பு ஒப்படைக்கக் கிடைத்த நேரம் சுமார் ஒன்றரை மணி. நிலைப்புத்தன்மைக் கணக்கில் நங்கூர வேலையின் சுமை சரிவரச் சேர்க்கப்படவில்லை. எந்த வானிலையில் வேலையை நிறுத்த வேண்டும் என்ற வரையறை திட்டத்தில் தெளிவாக இல்லை. கடைசிக் குறை முதலில் சொன்ன கணக்கோடு ஒட்டியது. எழுத்தில் எண் இல்லாவிட்டால், "இப்போது நிறுத்துகிறேன்" என்று சொல்லும் சுமை முழுவதும் கேப்டன் தலையில் விழுகிறது. அந்தப் பக்கம், காத்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் பணம் எண்ணும் ரிக். இந்த விபத்துக்குப் பிறகு நங்கூர வேலைக்கான நிலைப்புத்தன்மை விதிகள் சர்வதேச அளவிலேயே திருத்தப்பட்டன.

காவல் கப்பல்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவற்றின் வேலையே பெரும்பாலும் எதுவும் நடக்காமல் சுற்றிக்கொண்டிருப்பதுதான். ஆனால் 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா மேடை எரிந்தபோது தப்பிய 61 பேரில் பலரைச் சுற்றியிருந்த கப்பல்களின் சிறு மீட்புப் படகுகள்தான் தண்ணீரிலிருந்து தூக்கின. இறந்த 167 பேரில் 2 பேர், அப்படி மீட்கப் போன 'சாண்ட்ஹேவன்' கப்பலின் படகில் இருந்தவர்கள்.

## இடித்தால் யார் கொடுப்பது

கப்பல் உரிமையாளரும் எண்ணெய் நிறுவனமும் செய்துகொள்ளும் வாடகை ஒப்பந்தத்துக்கு, பிம்கோ என்ற சர்வதேசக் கப்பல் துறை அமைப்பின் 'சப்ளைடைம்' படிவம்தான் உலகம் முழுக்க அடிப்படை. முதல் பதிப்பு 1975, தற்போதைய பதிப்பு 2017. ஆட்கள், பராமரிப்பு, கப்பலின் காப்பீடு உரிமையாளர் செலவு. எரிபொருளும் துறைமுகக் கட்டணமும் வாடகைக்கு எடுத்தவர் செலவு.

புதிதாகப் படிப்பவரைத் திகைக்கவைப்பது இதில் உள்ள பொறுப்புப் பிரிவு. யார் தவறு என்று பார்ப்பதில்லை. அவரவர் சொத்துக்கும் அவரவர் ஆட்களுக்கும் அவரவரே பொறுப்பு. சப்ளை கப்பல் கவனக்குறைவால் மேடையில் இடித்தாலும், மேடையின் சேதத்தை எண்ணெய் நிறுவனமே தாங்கும். கப்பலின் சேதம் கப்பல்காரருடையது.

அநியாயம் போலத் தெரியும். காரணம் காப்பீட்டுக் கணக்கு. சில கோடி டாலர் பெறுமான கப்பல் பல நூறு கோடி டாலர் பெறுமான மேடையைச் சேதப்படுத்த முடியும். அந்த முழுப் பொறுப்பையும் கப்பல்காரர் தலையில் வைத்தால் அவருக்குக் காப்பீடு கிடைக்காது, கிடைத்தாலும் அந்தப் பிரீமியம் வாடகையில் ஏறி எண்ணெய் நிறுவனத்திடமே திரும்பி வரும். அதைவிட, இரண்டு பக்கமும் தத்தம் சொத்துக்குக் காப்பீடு எடுத்துக்கொள்வது மலிவு. விபத்துக்குப் பின் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தும் வேலையும் மிச்சம். வேண்டுமென்றே செய்த தவறுகளுக்கு விதிவிலக்கு உண்டா என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். வழக்கறிஞர்களுக்கு வேலை அந்த வரிகளில்தான்.

## ஏன் இவ்வளவு ஏற்ற இறக்கம்

கப்பல்கள் இரண்டு விதமாக வாடகைக்குப் போகும். மாதங்கள், ஆண்டுகள் என்று நீளும் காலக் குத்தகை ஒன்று. ஒரு வேலைக்கு, சில நாளுக்கு என்று அன்றன்றைய சந்தையில் எடுப்பது மற்றொன்று. இரண்டாவது வகை வட கடலில் பிரபலம். ஒரே வாரத்தில் இரண்டு ரிக்குகள் இடம் மாற வேண்டியிருந்து, சும்மா இருக்கும் ஏ.எச்.டி.எஸ். இரண்டே இரண்டு என்றால் வாடகை பல மடங்கு பாயும். அடுத்த வாரம் நான்கு கப்பல் திரும்பி வந்தால் ஆள் சம்பளத்துக்குக்கூடக் காணாது. ரிக் காத்திருக்கக் கூடாது என்கிற அவசரம்தான் இந்தப் பாய்ச்சலுக்குக் காரணம். கப்பலுக்கு எவ்வளவு கொடுத்தாலும் ரிக்கைச் சும்மா நிறுத்துவதைவிட மலிவுதானே.

இந்த உச்சங்களைப் பார்த்து 2000-களின் பிற்பகுதியில் தொடங்கிக் கப்பல் கட்டும் தளங்களில் ஆர்டர்கள் குவிந்தன. ஒப்பந்தம் கையில் இல்லாமலே கட்டியவர்கள் ஏராளம். 2014 ஜூனில் பீப்பாய் 110 டாலருக்கு மேல் இருந்த, உலகச் சந்தைக்கு அளவுகோலான பிரென்ட் எண்ணெய் 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனது. எண்ணெய் நிறுவனங்கள் முதலில் வெட்டியது புதுக் கிணறு தோண்டும் செலவை. ஓடிக்கொண்டிருக்கும் உற்பத்தி மேடைக்கு ஓரளவு சரக்கு போதும். தோண்டும் ரிக்குக்குத்தான் கப்பல் கப்பலாக வேண்டும். எனவே தோண்டல் நின்ற அன்றே வாடகைச் சந்தையும் விழுந்தது. நூற்றுக்கணக்கான கப்பல்கள் எஞ்சினை அணைத்துத் துறைமுக ஓரங்களில் கட்டிப்போடப்பட்டன.

துறையின் மூத்த நிறுவனமான டைட்வாட்டர் 2017-இல் அமெரிக்க திவால் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்டு, கடனைச் சீரமைத்துக்கொண்டு வெளியே வந்தது. கல்ஃப்மார்க்கும் அதே ஆண்டு அதே வழியில் போனது; மறு ஆண்டு டைட்வாட்டரோடு இணைந்தது. நார்வேயில் சோல்ஸ்டாட், ஃபார்ஸ்டாட், டீப் சீ சப்ளை மூன்றும் ஒன்றாயின. அமெரிக்காவின் ஹார்ன்பெக் 2020-இல் திவால் வழியில் போனது. பிழைத்தவர்கள் வாங்கத் தொடங்கினார்கள். டைட்வாட்டர் 2022-இல் ஸ்வயர் பசிபிக் ஆஃப்ஷோரையும், 2023-இல் சோல்ஸ்டாட்டின் 37 பி.எஸ்.வி.க்களையும் எடுத்துக்கொண்டது. வாடகை மறுபடி ஏறியபோது பேரம் பேசும் பலம் சில கைகளில் சேர்ந்திருந்தது.

## எரிபொருள் மிச்சம், பேட்டரி, புதுக் கப்பல்

டி.பி.2 விதிப்படி ஒரு ஜெனரேட்டர் நின்றுபோனாலும் கப்பல் நிற்க வேண்டும் அல்லவா? அதற்காக, ஒன்றே போதும் என்கிற அமைதியான கடலிலும் இரண்டு மூன்று ஜெனரேட்டர்களைக் குறைந்த சுமையில் ஓடவிட்டபடியே வைத்திருப்பார்கள். டீசல் எஞ்சினுக்குக் குறைந்த சுமை ஆகாது. எரிபொருள் வீணாகும், கரி படியும். பேட்டரி இங்கேதான் பயன்படுகிறது. கப்பலை ஓட்ட வேண்டாம். ஒரு ஜெனரேட்டர் நின்றால், மேடையை விட்டுப் பாதுகாப்பாக விலகும் சில நிமிடங்களுக்கு மின்சாரம் கொடுத்தால் போதும். அந்த உறுதி இருந்தால் மற்ற ஜெனரேட்டரை அணைத்துவிடலாம். வட கடலில் பல பி.எஸ்.வி.க்கள் இப்படி மாற்றப்பட்டுவிட்டன. எரிபொருள் செலவு வாடகைக்கு எடுப்பவருடையது என்பதால், மிச்சம் ஆகும் பணம் கப்பல்காரருக்கு நேரடியாக வராது. எண்ணெய் நிறுவனம் ஒப்பந்தத்தில் பங்கு கொடுத்தால்தான் அவர் பேட்டரிக்குச் செலவழிப்பார். நார்வேயில் 2003-இலேயே திரவ எரிவாயுவில் ஓடும் 'வைகிங் எனர்ஜி' என்ற பி.எஸ்.வி. வேலைக்கு வந்ததற்குப் பின்னாலும் எண்ணெய் நிறுவனத்தின் நீண்டகால ஒப்பந்தம் இருந்தது.

புதிய கப்பல் கட்டுவதிலும் இதே முடிச்சுதான். கப்பல் ஓடுவது 25 ஆண்டு. கிடைக்கும் குத்தகை ஓரிரு ஆண்டு. 2014-க்குப் பின் கைசுட்டுக்கொண்ட வங்கிகள் அந்த இடைவெளியை நம்பிக் கடன் தரத் தயாராக இல்லை. உச்சத்தில் கட்டிய கப்பல்களோ வயதாகிக்கொண்டே போகின்றன. குறிப்பிட்ட வயதைத் தாண்டிய கப்பலைப் பல எண்ணெய் நிறுவனங்கள் டெண்டரிலேயே ஏற்பதில்லை. புதுக் கப்பல் வேண்டும் என்றால் அதன் ஆயுளில் கணிசமான பங்குக்கு வாடகையை முன்கூட்டியே உறுதி செய்ய வேண்டும். பிரேசிலின் பெட்ரோபிராஸ் இந்த வழியில் போயிருக்கிறது: உள்நாட்டிலேயே கட்ட வேண்டிய 12 கலப்பின (எஞ்சினோடு பேட்டரியும் உள்ள) பி.எஸ்.வி.க்களுக்கு, கட்டும் காலத்தையும் சேர்த்து நீண்டகால ஒப்பந்தம் கொடுத்திருக்கிறது. மற்ற பெரிய எண்ணெய் நிறுவனங்களில் பல இன்னும் குறுகிய குத்தகையோடுதான் டெண்டர் விடுகின்றன. அது மாறும்வரை கப்பல்காரர்களும் இருக்கும் கப்பலுக்கே பெயின்ட் அடித்து, பேட்டரி பொருத்தி, வாடகையை ஏற்றிக் கேட்பார்கள்.